40 ஏக்கர் வேட்டைக் காடு: எங்களுக்கு வாங்கித் தந்த தரகர் எப்படி?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில், கிக்கபூ ஆற்றை ஒட்டி, சென்ற ஆண்டு 40 ஏக்கர் காடு வாங்கினோம். நவம்பரில் மான் வேட்டைக்கு. மற்ற மாதங்களில் பிள்ளைகளோடு கூடாரம் போட்டுத் தங்குவதற்கு. வேட்டை நிலங்களை மட்டுமே விற்றுத் தரும் தரகு நிறுவனம் ஒன்றின் மூலம் வாங்கினோம்.

அந்தத் தரகர் சாலையில் நின்றுகொண்டு கை காட்டிவிட்டுப் போகிறவர் அல்ல. மார்ச் கடைசியில், பனி உருகிச் சேறாகக் கிடந்த சரிவுகளில் மூன்று மணி நேரம் எங்களோடு ஏறி இறங்கினார். ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரிந்த மரங்கள், ஓக் காய்கள் கொட்டும் முகடு, காற்று எந்தத் திசையில் அடித்தால் எந்தப் பரணில் உட்காரக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். ஆதிகாலப் பனிப்பாறைகள் தேய்த்துத் தட்டையாக்காமல் விட்ட பகுதி இது. எங்கு பார்த்தாலும் செங்குத்து. என் எட்டு வயது மகளால் ஏற முடிகிறதா என்று நின்று நின்று பார்த்துக்கொண்டார். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது.

விலை மலிவாக இருந்த வேறொரு நிலத்தை அவரே வேண்டாம் என்றார். மரங்களை முறைப்படி பராமரித்தால் சொத்து வரியைக் குறைக்கும் காட்டுச் சட்டம் ஒன்று இந்த மாநிலத்தில் 1985 முதல் இருக்கிறது. ஒப்பந்தம் 25 அல்லது 50 ஆண்டுகளுக்கு. அதில் ‘திறந்த நிலம்’ என்று பதிவாகியிருந்தால், வேட்டையாடவும் நடக்கவும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அந்த நிலம் அப்படித்தான் பதிவாகியிருந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடத்துக்கு அது எங்களுக்கு ஒத்துவராது.

குறை பாதையில்தான். எங்கள் காட்டுக்குப் போக, பக்கத்துப் பால் பண்ணைக்காரரின் வயலைக் கடக்க வேண்டும். “பல காலமாக எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்” என்றார் தரகர். நாங்களும் அதை நம்பி முன்பணம் கட்டிவிட்டோம். ஊரில் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “வண்டிப்பாதை பத்திரத்தில் ஏறியிருக்கிறதா, வாய்ச்சொல்தானா?” மறுநாளே மாவட்டப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு வரிகூட இல்லை. பண்ணைக்காரர் நாளை நிலத்தை விற்றுவிட்டால், புதிதாக வருபவர் வேலி போட்டு எங்களைத் தடுக்கலாம். வேட்டை நிலத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர், விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது இது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

பண்ணைக்காரர் நல்ல மனிதர். அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசி, 20 அடி அகலத்துக்குப் பாதை உரிமையை எழுதி வாங்கிப் பதிவு செய்தோம். ஆறு வாரம் தாமதம். வழக்கறிஞருக்கும் நில அளவையாளருக்கும் கொடுத்தது எங்கள் கைப்பணம். தரகர் மன்னிப்புக் கேட்டார். செலவில் பங்கு கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டார்.

சொந்த நிலமாக இருந்தாலும் மானுக்கு உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்பதையும், 1973க்குப் பிறகு பிறந்த நானும் மனைவியும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லியிருந்தார். உண்ணியைப் பற்றிச் சொல்லவில்லை. ஜூன் மாதம் முழுக்க, மாலையானால் பிள்ளைகளின் காதுமடலையும் முழங்கால் மடிப்பையும் தேடிப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். காட்டைப் படிக்க அவரைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியாது. இன்னொரு நிலம் வாங்கினாலும் அவரோடுதான் நடப்பேன். பத்திரத்தை மட்டும் முதல் நாளே என் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுவேன்.