அக்சஸ் ஃபைலை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸில் ஓடும் பில்லிங் ஃபைலைச் சரிசெய்யக் கொடுக்கிறீர்களா? திரும்பி வரும் ஃபைலின் பெயர் 'ஏசிசிடிஇ' (.accde, உள்ளே இருக்கும் புரோகிராமைப் பார்க்கவோ திருத்தவோ முடியாதபடி பூட்டிய ஃபைல்) என்று முடிந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்களுடையது திருச்சியில் டூவீலர் உதிரிபாகக் கடை. புதுக் கம்ப்யூட்டரில் 64 பிட் ஆபீஸ் இருந்தது. ஃபைலைத் திறந்ததுமே, புரோகிராம் கோடை (code) 64 பிட்டுக்கு மாற்றச் சொல்லி எரர். வந்த சர்வீஸ்காரர், விண்டோஸ் வசதிகளைக் கூப்பிடும் 'டிக்ளேர்' வரிகளில் எல்லாம் 'பிடிஆர்சேஃப்' (64 பிட்டுக்குச் சரி என்று சொல்லும் சொல்) என்று சேர்த்தார். எரர் போனது. ஆனால் ஸ்டேட்மென்ட் சேமிக்கும் பட்டனை அழுத்தினால் அக்சஸே சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. "டேட்டாபேஸ் கரப்ட் சார், புதுசா எழுதணும்" என்று 15,000 ரூபாய் வாங்கினார். கொடுத்தது அதே பழைய ஸ்கிரீன்கள்தான், அதுவும் ஏசிசிடிஇ ஃபைலாக. அந்தப் பட்டன் மட்டும் இல்லை.

அக்சஸில் கோடு எழுதும் மொழியான விபிஏ தெரிந்த என் மச்சான் பழைய காப்பியைத் திறந்து பார்த்தார். கரப்ட் எதுவும் இல்லை. 64 பிட்டில் மெமரி முகவரிக்கு 8 பைட் வேண்டும். 'லாங்' என்ற வகையில் 4 பைட்தான் அடங்கும். முகவரி பாதியில் வெட்டுப்பட்டு அக்சஸ் விழுந்திருக்கிறது. முகவரி போகிற இடங்களில் மட்டும் 'லாங்பிடிஆர்' என்று மாற்றினார், பட்டன் வேலை செய்தது. கோடையே தொடாமல் 64 பிட் ஆபீஸை எடுத்துவிட்டு 32 பிட் ஆபீஸ் போட்டிருந்தாலும் போதும். 64 பிட் விண்டோஸில் அது தாராளமாக ஓடும். இதை அந்த ஆள் எங்களிடம் சொல்லவே இல்லை.

இதைவிடக் கோபம் வந்தது 2025 செப்டம்பர் 22-இல். 28 சதவீதத்தில் இருந்த உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 ஆனது. எங்கள் ஃபைலில் அந்த விகிதம் கோடுக்குள் இருக்கிறது. நாங்கள் பில் போட்டுவந்த ஏசிசிடிஇ ஃபைலில் கோடைப் பார்க்கவும் முடியாது, ஃபார்மைத் திருத்தவும் முடியாது. கூப்பிட்டால் இன்னொரு 4,000 கேட்டார். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது பில் போட முடியாமல் நிற்பது எவ்வளவு கொடுமை!

இதே நிலையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஏசிசிடிஇயில் இருந்து டேபிள்களைப் பழைய காப்பிக்கு இம்போர்ட் செய்துகொள்ளலாம். ஃபார்ம், ரிப்போர்ட், மாட்யூல்தான் வராது. நாங்கள் அப்படித்தான் கணக்கை மீட்டோம்.

மேக்ரோ (தானாக வேலை செய்யும் கட்டளைகள்) நின்றாலே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. 2950 என்று எரர் வந்தால் பெரும்பாலும் ஃபைல் இருக்கும் ஃபோல்டரை, அக்சஸ் நம்பும் இடங்களின் பட்டியலான டிரஸ்டட் லொகேஷனில் சேர்த்தால் தீரும். விபிஏ ஜன்னலில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் போய் 'மிஸ்ஸிங்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், திருத்தக்கூடிய 'ஏசிசிடிபி' ஃபைலையும் கோடின் பாஸ்வேர்டையும் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.