ஸ்மோல்ட்ஸைக் குடுக்கிறதோ விடுறதோ: அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல் கேம்

கொக்குவில்ல எங்கட வீட்டில மூண்டு கிழமையா இரவில இந்தக் கேம்தான் ஓடுது. பந்து எறிஞ்சு அடிக்கிற கேம் தேடுற ஆக்களுக்கு இது சரிவராது, இது முழுக்க மனேஜர் வேலை, ஆரை எடுக்கிறது ஆரை விடுறது எண்டு மண்டையப் போட்டு உடைக்கோணும். பழைய சீசனிலயிருந்தும் தொடங்கலாம், எனக்கு அதுதான் உயிர்.

நான் 1987 டெட்ரோயிட் டைகர்ஸ் எண்ட அமெரிக்க டீமை எடுத்தன். உண்மையில அவங்கள் அந்த ஓகஸ்டில டோயில் அலெக்சாண்டர் எண்ட அனுபவமான பிச்சருக்காக (பந்து எறியிறவர்) ஜோன் ஸ்மோல்ட்ஸ் எண்ட 20 வயசுப் பிச்சர் பெடியனை அட்லான்டா டீமுக்குக் குடுத்தவங்கள். அலெக்சாண்டர் 9 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை, டைகர்ஸ் தங்கட பிரிவை, அதாவது டிவிஷனையும் வெண்டது, ஆனா கடைசிக் கப்புக்கான வேர்ல்ட் சீரிஸுக்குப் போகேல்ல. ஸ்மோல்ட்ஸுக்கு 1996ல சிறந்த பிச்சருக்கான சை யங் விருது, 2015ல பெரிய ஆட்டக்காரருக்குக் குடுக்கிற ஹோல் ஒஃப் ஃபேம் இடம்.

கேமிலயும் அதே ட்ரேடை (ஆள் மாத்துறதை) போட்டு வச்சிட்டு அமத்தப் போகேக்க கை மவுசிலயே நிண்டிட்டுது, பக்கத்தில மச்சான் "குடடா, இந்த வருசமே கப் அடிக்கோணும்" எண்டு கத்துறான். நான் குடுக்கேல்ல. ரெண்டாமிடம்தான் வந்தது. எண்டாலும் பொஸ்டன் டீம் 2016ல மொன்காடா, கோபெக் எண்ட இளம் பெடியளைக் குடுத்து கிறிஸ் சேல் எண்ட பிச்சரை எடுத்து 2018ல கப் அடிச்சதை நினைச்சா மச்சான் சொன்னதிலயும் ஞாயம் இருக்கு. குடுத்த காசுக்கு நல்ல கேம், நம்பி வாங்குங்கோ.