சிங்கிள் ஸ்டேஜா, டரட்டா, புரோகிரசிவா: ரைபிள் தோட்டாவின் துல்லியத்தில் பிரஸ்ஸின் பங்கு

ரைபிள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள் நடுவில் ஓயாத பேச்சு ஒன்று உண்டு. பிரஸ் என்பது கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) டைக்குள் (அதற்கு வடிவம் தரும் அச்சு) தள்ளும் கைக்கருவி. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு நேரத்தில் ஒரு டைதான்; டரட்டில் சுழலும் தலைத்தட்டில் பல டைகள்; புரோகிரசிவில் ஒரே இழுப்பில் பல நிலையங்களிலும் வேலை நடக்கும். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான் துல்லியம் தரும், டரட் சுமார், புரோகிரசிவ் எண்ணிக்கைக்கு மட்டும்தான் என்பார்கள். மூன்று வகையையும் பல வருடங்களாக மாற்றி மாற்றி ஓட்டிவருகிறேன்; .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் என்ற இரண்டு ரைபிள் தோட்டா வகைகளுக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. பிரஸ்ஸால் தோட்டாவின் நீளம் மாறும். புல்லட் (கேஸின் வாயில் செருகப்படும் குண்டு) கோணலாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

கோணலை அளப்பது எளிது. நிரப்பிய தோட்டாவை இரண்டு தாங்கிகளில் படுக்கவைத்து, புல்லட்டின் மேல் டயல் கேஜின் முனையைத் தொடவிட்டு விரலால் உருட்டினால், முள் எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் ரன்அவுட். ஒரே டை, ஒரே தயாரிப்புத் தொகுதியின் கேஸ் வைத்து மூன்று பிரஸ்ஸிலும் செய்து பார்த்தால், இது எந்த பிரஸ்ஸில் வந்தது என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் சைசிங் டையிலிருந்து (சுட்ட கேஸை மறுபடி அளவுக்கு இறுக்கும் டை) கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையைக் கழற்றிவிட்டு, கேஸின் கழுத்தை மாண்ட்ரல் என்ற வழவழப்பான தண்டால் தனியாக விரித்தால், மூன்றிலுமே முள்ளின் ஆட்டம் குறைந்தது. அந்த உருண்டை, ராம் (கேஸை ஏந்தி மேலும் கீழும் போகும் தண்டு) கீழே இறங்கும்போது கழுத்து வழியாக இழுபட்டு வெளியே வருகிறது. கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடிப்பாக இருந்தால் கழுத்தே அச்சிலிருந்து விலகிவிடும்.

பிரஸ் கொஞ்சமும் ஆடக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸை நேராக்குவது டையின் உட்சுவர். ராமின் வேலை தள்ளுவது மட்டும். ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் பிரஸ்ஸில் டையைத் திருகி இறுக்குவதே இல்லை, பள்ளத்தில் செருகி மிதக்கவிடுகிறார்கள். கேஸைப் பிடிக்கும் தாடைகளும் மிதப்பவைதான். கேஸ் தன் நடுவைத் தானே தேடிக்கொள்ள அந்தச் சின்ன இடைவெளி வேண்டும்.

சரி, நீளத்துக்கு வருவோம். பிரஸ் வகை உண்மையிலேயே பேசுவது இங்கேதான். டரட்டில் கேஸ் டைக்குள் இறுகும்போது தலைத்தட்டு மயிரிழை அளவு மேலே தூக்கும். கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.002 அங்குலம், அதாவது 0.05 மி.மீ., மட்டும் பின்வாங்க வேண்டும் என்று பார்க்கிறவருக்கு அந்த மயிரிழையும் கணக்குதான். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தூக்கினால் கவலையில்லை, டையை அதற்கேற்ப வைத்துவிடலாம். ஆனால் பலமுறை சுட்டு இறுகிப்போன பித்தளையும் புதுப் பித்தளையும் கலந்திருந்தால், அல்லது லூப் (கேஸ் டைக்குள் சிக்காமலிருக்கப் பூசும் மசகு) ஒன்றுக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் பட்டிருந்தால், தூக்கும் அளவு மாறும், தோளும் மாறும். கேஸ்களை அனீல் செய்து (சூடாக்கிப் பித்தளையை மென்மையாக்கி), லூபை ஒரே சீராகப் போட்டபின் என் டரட்டுக்கும் சிங்கிள் ஸ்டேஜுக்கும் தோள் அளவில் வித்தியாசம் தெரிவதில்லை.

புரோகிரசிவில் விஷயம் வேறு. ஷெல் பிளேட் என்ற சுழலும் தட்டு முழுக்கக் கேஸ்கள் நிற்க, முதல் நிலையத்தில் சைசிங் நடக்கும் அதே நேரத்தில் இன்னொரு நிலையத்தில் புல்லட் இறங்குகிறது. சைசிங்கின் பாரத்தில் பிளேட்டும் டைகளைத் தாங்கும் டூல்ஹெட்டும் லேசாக விலகும். சீட்டிங் ஆழம் (புல்லட் கேஸுக்குள் இறங்கும் ஆழம்) அந்த விலகலோடு சேர்த்துத்தான் அமைகிறது. ஒரு தொகுதியின் முடிவில் சைசிங் நிலையம் காலியாகும்போது பாரம் இல்லை, புல்லட் கூடுதலாக இறங்குகிறது. காலிப்பரில் கம்பரேட்டரை (புல்லட்டின் நுனியை விட்டு, வளைவிலிருந்து நீளம் அளக்கும் துணைக்கருவி) மாட்டி அளந்தால் அந்தக் கடைசித் தோட்டாக்கள் மட்டும் குட்டையாக நிற்கும். இதற்கு நான் செய்வது, கேஸ்களைச் சிங்கிள் ஸ்டேஜில் தனியாகச் சைஸ் செய்து, லூபைத் துடைத்துவிட்டு, அப்புறம் புரோகிரசிவில் ஏற்றுவது. முதல் நிலையத்தில் டையே கிடையாது. நீளம் சீராகிவிட்டது.

பவுடர், அதாவது வெடிமருந்து, இன்னும் பெரிய விஷயம். புரோகிரசிவின் பவுடர் மெஷர் கன அளவில் அளப்பது. உருண்டைப் பவுடர் தண்ணீர்போல ஓடும். வார்கெட் போன்ற குச்சிப் பவுடர் மெஷரின் வாயில் சிக்கி, குச்சி நறுக்கென்று வெட்டுப்படுவது கைப்பிடியிலேயே தெரியும். 100 கெஜத்தில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தூரம் கூடக்கூட, வேக வேறுபாடு இலக்கில் மேலும் கீழுமாக விரியும். அதனால் தொலைதூரத் தோட்டாக்களுக்குத் தராசில் நிறுத்துத்தான் ஊற்றுகிறேன், எந்த பிரஸ்ஸாக இருந்தாலும். இன்னொன்று: புரோகிரசிவில் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் கண் போக வேண்டும். பவுடர் விழாத தோட்டாவின் புல்லட் குழலுக்குள் நின்றுவிட்டால், அதைக் கவனிக்காமல் சுடும் அடுத்த சுற்றில் குழலே வெடிக்கலாம்.

பிரஸ்களை ஒப்பிட மூன்று சுற்றுக் குரூப்பை (இலக்கில் குண்டுகள் பட்ட பரவல்) நம்பாதீர்கள். அதே தோட்டாக்கள் அடுத்த தடவை வேறு கதை சொல்லும். பத்துச் சுற்றுக் குரூப்புகளாகப் பார்த்ததில், 100 கெஜத்தில் டரட்டையும் சிங்கிள் ஸ்டேஜையும் என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை.

இன்று என் மேசையில் சைசிங் முழுக்கச் சாதாரண ஓ-ஃபிரேம் (O வடிவச் சட்டம்) வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜில்தான். கிரீட்மோருக்கு டரட், எடை போட்ட பவுடரைப் புனலில் ஊற்றிவிட்டு, தட்டைத் திருப்பினால் சீட்டிங் டை தயார். உருண்டைப் பவுடர் போடும் .308 பயிற்சித் தோட்டாக்கள் மட்டும் புரோகிரசிவுக்குப் போகின்றன. புதிதாக வாங்கப் பார்ப்பவர் விலையுயர்ந்த பிரஸ்ஸுக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை மாண்ட்ரலுக்கும், கம்பரேட்டருக்கும், நல்ல தராசுக்கும் ஒதுக்கட்டும்.