மலையடிவாரத்தில் தங்குவோருக்குக் கையடக்க 4ஜி வைஃபை

போன் ஹாட்ஸ்பாட் இருக்க, தனியாக சிம் போட்டு நெட் தரும் ஒரு வைஃபை டப்பா எதற்கு? திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டையில் தங்கினால் தேவையே இல்லை. பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் நாலு நாள் தங்கி லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சிக்னல் வரும் சன்னலில் டப்பாவை வைத்துவிட்டு அறைக்குள் எங்கேயும் உட்காரலாம்; போனை அப்படி விட்டுவிட முடியாது. மேற்கே மலை மறைப்பதால், அம்பாசமுத்திரத்தைப் பார்த்த கிழக்குச் சன்னலை முதலில் முயலுங்கள்.

எந்த சிம்மும் ஏற்கும் மாடலாக வாங்குங்கள். ஜியோ என்றால் பேண்ட் 5, அதாவது 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, கட்டாயம் வேண்டும். பேண்ட் 40 (2300 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் உள்ளது அடிவாரத்தில் திணறும். குறைந்த அலைவரிசைதான் தூரமும் போகும், சுவரையும் தாண்டும்.

சிம் போட்டும் நெட் வரவில்லையா? செட்டிங்கில் ஏபிஎன் பெயரை, அதாவது சிம் கம்பெனியின் நெட் இணைப்புப் பெயரை, சரிபாருங்கள். பிறகு செட்டிங் பக்கத்தில் சிக்னல் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் பார்த்தபடி டப்பாவை அடி அடியாக நகர்த்துங்கள். -95 வந்தால் வீடியோ கால் பேசலாம். -110-க்கும் கீழே போனால் மெயில் திறப்பதே பெரும்பாடு.

குறை இரண்டு. இரவு பகலாக சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும். நானோ சிம்மைப் பெரிய சிம் அளவாக்கும் அடாப்டர் சட்டம் போட்டால், சிம் இல்லாமல் வெறும் சட்டத்தைச் செருகி இழுக்கவே கூடாது. உள்ளே ஊசி வளைந்துவிடும், அப்புறம் எந்த சிம்மையும் எடுக்காது.