ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு ரிமோட்ஆப்: வேகம் வருகிறது, பிரிண்டர்தான் பாடாய்ப்படுத்துகிறது

அலுவலக நெட்வொர்க்குக்குள் வெளியிலிருந்து நுழையும் வி.பி.என். வழியாக மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபார்ம் திறக்க நேரமாகிறது என்றதும் பலர் செய்வது இணைய வேகத்தை ஏற்றுவது. அந்தப் பணம் வீண். ஆக்சஸில் டேட்டாவைப் படித்துத் தேடும் ஏஸ் இன்ஜின் ஓடுவது பயனரின் கணினியில். சர்வரில் இருப்பது வெறும் கோப்பு. அந்தக் கோப்பின் 4 கே.பி. பக்கங்களை இங்கே வரவழைத்துத்தான் தேடலே நடக்கும். ஒரு முறை போய்வர 40 மில்லிசெகண்டு ஆகும் லைனில் 2,000 பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 80 நொடி. மொத்த டேட்டாவோ 8 எம்.பி.தான், 100 எம்.பி.பி.எஸ். லைனுக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. லைனை அகலமாக்கினால் தூரம் குறைந்துவிடாது.

விண்டோஸ் சர்வரின் ரிமோட்ஆப் இதை நேராகத் தீர்க்கிறது. ஆக்சஸ் சர்வரிலேயே ஓடும்; திரையும் கீபோர்டு, மவுஸ் அசைவுகளும் மட்டுமே லைனில் போகும். இன்னொரு லாபம், லைன் அறுந்தாலும் செஷன் சாகாது. வி.பி.என்.னில் அதே அறுப்பு எழுதும் நேரத்தில் நடந்தால் கோப்பே கெட்டுப்போகலாம். ஆனால் விண்டோஸ் அமைப்புகளை நிர்வகிக்கும் குரூப் பாலிசியில் துண்டிக்கப்பட்ட செஷனுக்கான காலவரம்பை ஐந்து நிமிடம் என்று வைத்தால் இந்த லாபம் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரமாவது கொடுங்கள்.

பேக் எண்டை, அதாவது டேபிள்கள் இருக்கும் கோப்பை, அதே சர்வரிலோ அதன் பக்கத்து லானிலோ வையுங்கள். ஃபார்ம்கள் இருக்கும் ஃப்ரண்ட் எண்ட் ஒவ்வொருவருக்கும் தனி நகல். எல்லோரும் ஒரே கோப்பைத் திறந்தால் அது கெடுவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஃபார்மில் பெரிய பின்னணிப் படம் இருந்தால் எடுத்துவிடுங்கள், இப்போது லைனில் போவது அதுதான்.

மோசமாகக் கட்டிய ஃப்ரண்ட் எண்டை ரிமோட்ஆப் காப்பாற்றாது. காசு செலவழிக்கும் முன் டேபிள்களில் சப்டேட்டாஷீட் நேமை ஆட்டோவிலிருந்து நன் (None) என்று மாற்றுங்கள், நேம் ஆட்டோகரெக்டை அணையுங்கள். தொடங்கும்போதே பேக் எண்டில் ஒரு ரெக்கார்ட்செட்டைத் திறந்து கடைசிவரை மூடாமல் வையுங்கள். இல்லையென்றால் யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பு அழிந்து அழிந்து உருவாகும்; ஒவ்வொரு ஃபார்மும் அதற்காகக் காத்து நிற்கும்.

பெரிய குறை பிரிண்டிங். பயனரின் பிரிண்டரை செஷனுக்குள் கொண்டுவரும் ஈஸி பிரிண்ட் சாதாரண ஏ4 தாளுக்குச் சரி. லேபிள் பிரிண்டரில் மார்ஜின் நகரும். நீண்ட ரிப்போர்ட்டை சர்வரிலேயே பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது மேல்.

லைசென்ஸ் கணக்கும் லேசுப்பட்டதல்ல. ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனி சி.ஏ.எல். (ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தும் உரிமம்) வேண்டும், 120 நாள் சலுகை முடிந்ததும் இணைப்பு மறுக்கப்படும். மைக்ரோசாஃப்ட் 365 போட்டால் ஷேர்ட் கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன் (பலர் பகிரும் கணினிக்கான ஆக்டிவேஷன் முறை) கட்டாயம். வடிவமைப்பில் கை வைக்காதவர்களுக்கு இலவச ஆக்சஸ் ரன்டைமே போதும். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், வெளி இணைப்புகளை உள்ளே கடத்தும் ஆர்.டி. கேட்வே வழியாக 443இல் வரட்டும்.

வெளியிலிருந்து வருபவர் ஒருவர்தான் என்றால் சர்வரே வேண்டாம். அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் ப்ரோ கணினியை ஓடவிட்டு, வி.பி.என்.னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் முடிந்தது.

கோப்பு ஆக்சஸின் 2 ஜி.பி. எல்லையை நெருங்கியிருந்தால் ரிமோட்ஆப் உதவாது. பேக் எண்டை எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி. கிடைக்கும். டேபிள்களை லிங்க் செய்ததோடு நிறுத்தினால் வேகம் வராது. WHERE நிபந்தனையில் வி.பி.ஏ. (ஆக்சஸின் நிரல்மொழி) ஃபங்ஷன் இருக்கும் க்வெரி வரிகளையெல்லாம் இழுத்து வந்து இங்கேதான் வடிகட்டும். அத்தகைய க்வெரிகளைப் சர்வருக்கு அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூவாகவோ, சர்வரில் சேமித்துவைக்கும் க்வெரியான வியூவாகவோ திருத்தி எழுத வேண்டும்.