தோட்டத்துக்கு வரும் குளிர்காலப் பறவைகள்: லென்ஸும் தண்ணீர்ச் சட்டியும்

குளிர்காலத்தில் தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் படமெடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் அகலமான, ஆழமில்லாத ஒரு மண்சட்டி வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ், கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) எல்லாம் வைத்துக்கொண்டு பல வருடங்களாக ஒரே தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு வந்த கருத்து இது. லென்ஸ் பறவையைப் பெரிதாகக் காட்டும். பக்கத்தில் வரவைப்பது தண்ணீர்தான்.

சட்டியில் தண்ணீர் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சின்னப் பறவைகளுக்கு அதுவே ஆழம் என்பதால் நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றைப் போட்டு, ஒரு பக்கம் விரற்கடை அளவு மட்டுமே தண்ணீர் நிற்கும்படி சட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறேன். வழவழப்பான பிளாஸ்டிக் தட்டு வைத்தால் கால் வழுக்கும். பறவைகள் விளிம்பில் நின்று குடித்துவிட்டுப் போய்விடும், குளிக்க இறங்காது. சட்டியைப் புதரை ஒட்டி வைக்கவே கூடாது. ஏழெட்டு அடியாவது தள்ளியிருக்க வேண்டும். நனைந்த இறகோடு இருக்கும் பறவையால் சட்டென்று எழும்ப முடியாது. புதருக்குள் பதுங்கியிருக்கும் பூனைக்கு அந்த ஒரு நொடி போதும். தண்ணீரைத் தினமும் மாற்றி, சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். எச்சம் விழுந்த தண்ணீரில் பறவைகளுக்கு நோய் பரவும். விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் கொசுவும் பறக்கும்.

வெயில் ஏறியதும் முதலில் வருபவை தவிட்டுக்குருவிகள். கூட்டமாக இறங்கி, கலகலவென்று குளிக்கும். அவை பயமில்லாமல் குளிப்பதைப் பார்த்த பிறகுதான் வலசை வந்த பறவைகளுக்குத் துணிச்சல் வருகிறது என்று எனக்குத் தோன்றும். அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் உடம்பின் பின்பாதியையே இடமும் வலமுமாக அசைக்கும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள், சிறகில் வெளிர்மஞ்சள் கோடுகள். காய்ந்த சருகின் மேல் நின்றால் அது அசையும்வரை கண்ணுக்கே தெரியாது. புகைப்படத்தில் அந்த ஆட்டம் வராது, அதற்கு வீடியோதான் சரி.

அரசவால் ஈப்பிடிப்பான் குளிப்பது வேறு மாதிரி. சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் கிளையிலிருந்து நேராகத் தண்ணீரில் பாய்ந்து, நீரைத் தெறிக்கவிட்டு, மறுபடி கிளைக்கே போய்விடும். திரும்பத் திரும்ப இதையே செய்யும். பாயும் கணத்தை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும். அந்த நேரத்து வெளிச்சம் அதற்குக் காணாது. அதனால் அது வந்து உட்காரும் கிளையில் ஃபோகஸ் வைத்து, இறகைச் சிலிர்த்துக் கோதும்போது 1/250-இல் எடுக்கிறேன். முழுதாக வளர்ந்த வெள்ளை ஆணின் நீண்ட வால் நனைந்து இரண்டு நூலாகத் தொங்கும் படம் அப்படிக் கிடைத்ததுதான்.

இனி லென்ஸ். ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. கையில் பிடித்தே பத்து நிமிடம் காத்திருந்தால் தோள்பட்டை வலிக்கும். ட்ரைபாடைவிட நாற்காலி முதுகிலோ திட்டிலோ பீன்பேக் (மணிகள் நிரப்பிய சிறு பை) போட்டு அதன்மேல் வைப்பதுதான் எனக்கு வசதி. அசைவும் குறைவு, பறவையும் மிரளாது. 600 மி.மீ.-இல் ஒளி நுழையும் துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது என்பதுதான் இதன் பெரிய குறை. மரநிழலில் அது பற்றாக்குறைதான். உட்கார்ந்திருக்கும் சிறு பறவைக்கு 1/500-க்குக் கீழே போக வேண்டியிருந்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-க்கு ஏற்றத் தயங்காதீர்கள். படத்தில் வரும் புள்ளிகளை மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம், அசைந்த படத்தைச் சரிசெய்வதுதான் கஷ்டம். ஆறு மீட்டர் தூரத்தில் 600 மி.மீ., எஃப் 6.3 என்றால் கூர்மையாக விழும் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்தான். பறவை நம்மை நேருக்கு நேர் பார்த்து நின்றால் கண் தெளிவாகவும் வால் மங்கலாகவும் வரும். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். கேமராவைப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்கினால் பின்னணி தூரத்துக்குப் போய்ப் படமே மாறிவிடும்.

பைனாகுலரில் 10×42-ஐவிட 8×42 தோட்டத்துக்குப் பொருத்தம். பார்வைப் பரப்பு அகலம், விடியலில் வெளிச்சமும் கூடுதல்.

கண்ணில் படாத பறவைகளுக்குக் காதுதான் துணை. பிளித் நாணல் கதிர்குருவி குளிர்காலம் முழுக்கப் புதருக்குள்ளேயே இருந்து ‘டக், டக்’ என்று நாக்கைச் சொடுக்குவது போலக் கத்திக்கொண்டிருக்கும். 2021-இல் மெர்லின் செயலியில் குரலை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்கும் வசதி வந்தது, இலவசம்தான். புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் அது காட்டும் பெயரை அப்படியே இ-பேர்ட் (பார்த்த பறவைகளைப் பதிவிடும் இணையதளம்) பட்டியலில் ஏற்றாதீர்கள். துடுப்பு வால் கரிச்சான் மாதிரி பிற பறவைகளின் குரலில் பாடும் பறவைகள் இருக்கின்றன. பார்த்தோ, கவனமாகக் கேட்டோ உறுதிசெய்த பிறகே பதிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கக் கூடாது. எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது இரைதேடும் நேரத்தை வீணாக்கும். திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்த மாதங்களில்தான் அது சேர்க்க வேண்டும். தானியமும் நான் போடுவதில்லை. சருகைக் கூட்டாமல், பூச்சிமருந்து அடிக்காமல் விட்டாலே போதும். ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டிப் புரட்டி மேய்வதை அப்படி விட்ட மூலையில்தான் பார்க்கிறேன்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது ஈரம். குளிரூட்டிய அறையிலிருந்து லென்ஸை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் மூடுபனி போல ஈரம் படிந்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் ட்ரை கேபினெட் வாங்குவது நல்லது. முடியாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். வலசைப் பறவைகள் கிளம்பிய பிறகு, மாதக்கணக்கில் இருட்டில் கிடக்கும்போதுதான் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களிலும் வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, ஜூம் வளையத்தைத் திருப்பி நாலு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.