‘சொந்த சாஃப்ட்வேர்’ லைட் பெட்டி: கடலூர், பாண்டி நாடகக்காரர்கள் கவனத்துக்கு

பாண்டிச்சேரியில் மேடை லைட்டுகளைக் கட்டுப்படுத்த ஒரு கறுப்பு அக்ரிலிக் பெட்டி விற்கிறார்கள். முகப்பில் ஏழு அங்குல டச் ஸ்கிரீன், பக்கவாட்டில் நீல எல்.இ.டி., திருகுகளின் மேல் ‘பிரித்தால் வாரண்டி கிடையாது’ என்று வெள்ளி ஸ்டிக்கர். கடலூர், நெய்வேலி, விழுப்புரம் பக்கம் நாடகம் போடுகிறவர்கள், பள்ளி ஆண்டு விழா நடத்துகிறவர்கள் என்று தேடித் தேடிப் போய் இதைக் காட்டுகிறார்களாம். நாங்கள் வாங்கி, பணமும் போய், மேடையில் மானமும் போனது. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெட்டியைப் பார்த்தாலே உங்களுக்கு அடையாளம் தெரியும்.

எங்களுடையது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன நாடகக் குழு. டிக்கெட் கிடையாது, அவரவர் கைக்காசு. லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் பழைய டிம்மர் டெஸ்க்கில் பாதி ஃபேடர் (தள்ளும் குமிழ்) வேலை செய்யவில்லை, புதுசு பார்க்கலாம் என்று பாண்டிக்குப் போனோம். கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். “உள்ள ராஸ்பெர்ரி பை ஃபோர் போட்டிருக்குண்ணே, நாலு ஜிபி ராம். சாஃப்ட்வேர் நாங்களே எழுதினது, வேற யாருகிட்டயும் கெடைக்காது. ஃபோன்லயே லைட்ட ஏத்தலாம் எறக்கலாம்.” ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு. பெட்டியின் விலை 32,000. எங்கள் பழைய டெஸ்க்கை எடுத்துக்கொண்டு அதில் மூவாயிரம் கழித்தார். சாஃப்ட்வேர் லைசென்ஸ் வருஷத்துக்கு 4,000 தனி. கட்டாவிட்டால் நாம் சேமித்து வைத்த ஷோ ஃபைல் (எந்தக் காட்சிக்கு எந்த லைட் என்ற பதிவு) திறக்காது என்றார்.

பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி பில்லுன்னா பதினெட்டு பர்சன்ட் மேல ஆவும்ண்ணே” என்று இழுத்தார். சரக்கு பாண்டியில் வாங்கினால் வரி மிச்சம் என்பதெல்லாம் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்த கதை. ஆனாலும் கடலூர்க்காரனுக்கு அந்த நப்பாசை இன்னும் விடவில்லை, அது கடைக்காரர்களுக்கும் தெரியும். எங்கள் பொருளாளர் விடாப்பிடியாக நின்று, ‘ராஸ்பெர்ரி பை 4, 4 ஜிபி, சொந்த மென்பொருள்’ என்று கடையின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு எழுதி வாங்கினார். அந்தத் தாள்தான் இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி.

கடையில் ஓட்டிக் காட்டியபோது எல்லாம் பிரமாதம். இரண்டு பார் லைட், கைநீளத்துக்கு ஒரு கேபிள். எங்கள் மேடையிலோ பதினான்கு லைட், பின்பக்கத்திலிருந்து கண்ட்ரோல் மேசை வரை நாற்பது மீட்டருக்கு மேல் கேபிள். ஒத்திகையிலேயே லைட் அவ்வப்போது சிமிட்டியது. ஃபோன் போட்டால், “கேபிள் லூசா இருக்கும்ண்ணே, அமுக்கி வுடுங்க.”

நாடகத்தன்று கடைசிக் காட்சியில் அப்பா சாகிறார். ஆம்பர் நிற லைட் இருபது விநாடியில் மெல்ல இறங்கி இருட்டாக வேண்டும். இறங்கும்போதே விட்டுவிட்டு, வெட்டி வெட்டி இறங்கியது. சட்டென்று டச் ஸ்கிரீன் அணைந்து, வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்து, வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓட ஆரம்பித்தன. பெட்டி தானாக ரீபூட் ஆகிறது. சிக்னல் நின்றதும் சில எல்.இ.டி. பார்கள் அணைந்துவிட்டன. மற்றவை தானாக நிறம் மாறும் ஆட்டோ மோடுக்குத் தாவி, சிவப்பு, பச்சை, நீலம் என்று கல்யாண ரிசப்ஷன் மாதிரி சுற்றத் தொடங்கின. பிணமாகப் படுத்திருந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பையன் கைதட்டினான். மெயினை அணைக்கச் சொல்லி நான் ஓடியதற்குள் காட்சியே முடிந்துவிட்டது.

மறுநாள் கேட்டால் பழி ஹால் மேல். “உங்க ஹாலுல எர்த் சரியில்லண்ணே.” எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. அந்தப் படத்தை அனுப்பியதும் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, சர்வீஸ் என்று 1,500 வாங்கிக்கொண்டு, அப்படியே திருப்பிக் கொடுத்தார். அதே சிமிட்டல். அப்புறம் ஃபோனை எடுக்கவில்லை. கடைசியாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி: வாரண்டி வராது, லைட் உங்களுடையது.

அவரே வாரண்டி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு ஸ்டிக்கரைப் பிரிப்பதில் என்ன தடை? வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தோம். என் தங்கச்சி மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன்தான் திருகைக் கழற்றினான். மூடியைத் தூக்கியதும், “மாமா, இது ஃபோர் இல்ல, த்ரீ!” என்றான். பை 4-இல் இரண்டு சின்ன எச்.டி.எம்.ஐ. வாய்கள் இருக்கும், கரண்டுக்கு டைப்-சி வாய். இதிலோ பெரிய எச்.டி.எம்.ஐ. ஒன்றே ஒன்று, கரண்டுக்கு மைக்ரோ யூ.எஸ்.பி. வெளியே தெரியாமல் இருக்க, பெட்டியின் முதுகில் ஒரு உருண்டைப் பின் சாக்கெட்டை வைத்து, அங்கிருந்து ஃபோன் சார்ஜர் கேபிளை வெட்டி ஒட்டி போர்டுக்கு இழுத்திருந்தார்கள். ஒயர் நூல் தடிமன். அதே வழியில்தான் டச் ஸ்கிரீனுக்கும் கரண்ட் போகிறது.

நியாயமாகச் சொன்னால், ஒரு மேடை லைட்டுக்கு பை 3 தாராளமாகப் போதும். நான்கு என்று காசு வாங்கி மூன்றை வைத்தது ஒரு திருட்டு, அவ்வளவே. நாடகத்தைக் கெடுத்தது அந்த ஒயர். போர்டுக்கு 5 வோல்ட் ஒழுங்காக வர வேண்டும். சுமார் 4.63-க்குக் கீழே போனால் ராஸ்பெர்ரி பை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, திரையின் மூலையில் மின்னல் குறி காட்டும். இன்னும் இறங்கினால் ரீபூட். எங்கள் திரையில் அந்த மின்னல் ஒரு நாளும் வந்ததில்லையே என்று யோசித்தோம். பையன் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு கான்ஃபிக் ஃபைலை (போர்டின் அமைப்புகள் எழுதியிருக்கும் ஃபைல்) திறந்தான். ‘அவாய்ட் வார்னிங்ஸ்’ என்ற வரிக்கு எதிரே 1 என்று இருந்தது. மின்னல் குறியைக் காட்டாதே என்பதற்கான கட்டளை அது. தானாக வருவதில்லை, ஒருவர் உட்கார்ந்து டைப் செய்தால்தான் வரும். எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். கரண்ட் பற்றாக்குறை அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒயரை மாற்றாமல் எச்சரிக்கையை அணைத்திருக்கிறார்.

அடுத்தது டி.எம்.எக்ஸ்., அதாவது கண்ட்ரோல் பெட்டியிலிருந்து லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் சிக்னல். 1986-இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பக்காரர்கள் வகுத்த முறை, இன்றும் ஊரெல்லாம் அதுதான். ஒரு லைனில் 512 சேனல், விநாடிக்கு இரண்டரை லட்சம் பிட். முழு 512-ஐயும் ஒரு சுற்று அனுப்ப 23 மில்லிவிநாடி ஆகும், அதாவது விநாடிக்கு 44 சுற்றுக்குள். இந்த நேரக்கணக்கைத் தனி மைக்ரோகண்ட்ரோலர் வைத்துப் பார்த்துக்கொள்ளும் யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸ்கள் உண்டு, விலை அதிகம். இதில் இருந்தது யூ.எஸ்.பி.யில் செருகும் வெறும் டாங்கிள், சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டியிருந்தார்கள். கணக்கு முழுவதும் போர்டின் தலையில். போர்டே கரண்ட் இல்லாமல் மூச்சு வாங்கும்போது வெளிச்சம் வெட்டி வெட்டித்தானே இறங்கும்? லைட் பக்கத்தையும் போர்டையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைக்கும் மின்பிரிப்பும் இல்லை. லைட் பக்கம் ஏதாவது பழுதாகி கரண்ட் ஏறினால் நேராக போர்டுக்கு வரும். கூடவே விற்ற கேபிள் மைக் கேபிள், டி.எம்.எக்ஸுக்கானது அல்ல. சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்க, கடைசி லைட்டில் இரண்டாம், மூன்றாம் பின்னுக்கு நடுவே போட வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர் கிடையாது. சில ரூபாய் சாமான், அதுகூட.

‘சொந்த சாஃப்ட்வேர்’ விஷயத்துக்கு வருகிறேன். ஷோ ஃபைலை பென்டிரைவில் சேமித்தபோது அதன் பெயரின் வால் (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) ‘கியூ.எக்ஸ்.டபிள்யூ.’ என்று இருந்தது. அது கியூ.எல்.சி. பிளஸ் என்ற லைட்டிங் சாஃப்ட்வேரின் வால். லேப்டாப்புக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. இறக்கினோம், ஃபைல் அப்படியே திறந்தது, எங்கள் கியூ (காட்சிவாரி லைட் மாற்றங்கள்) எல்லாம் வரிசையாக உள்ளே. முகப்புப் படத்தை மட்டும் மாற்றித் தன் கடை லோகோவை வைத்திருக்கிறார். அந்த சாஃப்ட்வேரின் அப்பாச்சி லைசென்ஸ் விற்பதைக்கூடத் தடுக்காது. லைசென்ஸ் வாசகத்தையும் எழுதியவர்களின் உரிமைக் குறிப்பையும் நீக்காமல் கூடவே கொடு என்கிறது, அவ்வளவுதான். அதை அழித்துவிட்டு, நானே எழுதினேன், வருஷம் நாலாயிரம் கட்டு, இல்லாவிட்டால் திறக்காது என்றால் அதற்கு என்ன பெயர்? உள்ளே இருந்த சாமான் மொத்தமும் பத்தாயிரத்தைத் தாண்டாது என்பது எங்கள் கணிப்பு.

ராஸ்பெர்ரி பை மேல் யாரும் கோபப்பட வேண்டாம். 2012-இல் பிள்ளைகள் படிக்க என்று வந்த போர்டு, லைட்டிங்குக்கு உலகம் முழுக்க ஓட்டுகிறார்கள். அதே பை 3-க்கு நல்ல அடாப்டரும் தடித்த ஒயரும் போட்டு, கடைசி லைட்டில் ரெசிஸ்டரும் வைத்தோம். சிமிட்டல் பெரும்பாலும் போய்விட்டது. டாங்கிளையும் மாற்ற வேண்டும், காசு சேரட்டும். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, திடீரென்று போனால் மெமரி கார்டு கெடும். அதற்காக கார்டில் எதுவும் எழுதாதபடி ஓவர்லே என்ற வசதியையும் பையன் இயக்கி வைத்திருக்கிறான். ஷோ ஃபைலைத் திருத்தும்போது மட்டும் அதை அணைத்துக்கொள்ள வேண்டும்.

இதே பெட்டியை வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கரைத் தொடாமலே சோதிக்கலாம். கீபோர்டைச் செருகி டெர்மினலை (கட்டளை டைப் செய்யும் திரை) திறந்து ‘cat /proc/device-tree/model’ என்று டைப் செய்தால் போர்டின் மாடல் பெயரை அதுவே சொல்லும். ‘vcgencmd get_throttled’ என்ற கட்டளை கொடுத்தால் பூஜ்யம் வர வேண்டும். எங்களுக்கு 50005 வந்தது: இப்போதும் கரண்ட் குறைவு, முன்னாலும் குறைந்திருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இனிமேல் வாங்கப் போகிறவர்கள் உங்கள் லைட்டு முழுவதையும் உங்கள் கேபிளிலேயே மாட்டி, நாடகம் ஓடும் நேரம் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மூடியைத் திறந்து காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம், கடையிலிருந்து பதில் இல்லை. இப்போது வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் பாண்டிக்கு அலைய வேண்டாம், கடலூர் நுகர்வோர் ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. வக்கீல் முதலில் கேட்டது, டிக்கெட் விற்று நடத்தினீர்களா என்றுதான். வியாபாரத்துக்கு வாங்கியது, அதனால் நுகர்வோர் வழக்கு செல்லாது என்று எதிர்த்தரப்பு கிளப்புமாம். இலவச நாடகம் என்பதற்கு நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். பழைய டெஸ்க்கையும் திருப்பிக் கேட்டிருக்கிறோம், பாதி ஃபேடராவது வேலை செய்தது. இதே பெட்டியை வாங்கி ஏமாந்தவர்கள் பில், வாட்ஸ்அப் செய்தியோடு எனக்கு எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்து போட்டால் வழக்கு நிற்கும் என்கிறார் வக்கீல்.